லால்பஜாருக்குப் பின்னால் சில சந்துகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

'நம் நகரின் பழமைச் சின்னங்கள்' என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. விக்டோரியா மண்டபத்தைப் பற்றியோ ஹவுராப் பாலத்தைப் பற்றியோ நான் சொல்லித் தாங்கள் அறிய வேண்டுவதில்லை. ஆகவே தலைவர் அவர்களின் இசைவுடன், லால்பஜார் காவல் தலைமையகத்துக்குப் பின்புறத்தில் கிடக்கும் சில சந்துகளைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். யான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்தவன். ஃபேர்லி பிளேஸ் அலுவலகத்திலிருந்து அச்சந்துகளுக்குக் கால்நடையாகப் பதினைந்து இருபது நிமிடந்தான். உணவு இடைவேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளிலும் அங்கே சுற்றித் திரிந்தும், கிடைத்த நூல்களைப் படித்தும் அறிந்தவற்றையே கூறப்போகிறேன்.

அப்பகுதிக்குத் திரட்டி பஜார் என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நகருக்கு வந்து, தெருக்களையும் கட்டிடங்களையும் மேற்பார்க்கும் பதவி வகித்த எதுவார்தோ திரெட்டா என்னும் இத்தாலியர் அங்கே ஒரு சந்தை வைத்திருந்தார். அவர் பெயர் நம்மவர் வாயில் தேய்ந்து திரட்டியாயிற்று. இத்தாலியர் பெயரைத் தாங்கிய சந்தையில், ஆங்கிலேயர் ஆண்ட நகரத்தில், வங்காளியர் நடுவே, சீனர் குடியேறினர். கல்கத்தா என்றால் அதுதான். 2001 முதல் ஏடுகளில் கொல்கத்தா என்று எழுதுகிறோம். நாவுக்கு இன்னும் கல்கத்தாதான்.

முதலில் வந்து நிலைத்த சீனர் அச்சியூ என்பவர். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் பட்ஜ்பட்ஜுக்கு அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்று, கரும்பு பயிரிட்டு, சர்க்கரை ஆலை அமைத்து, தம் நாட்டிலிருந்து ஆட்களையும் வரவழைத்தார். 1783-இல் அவர் மறைந்தார். ஆலை நிலைக்கவில்லை, ஊருக்கு மட்டும் அச்சிப்பூர் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. ஆற்றோரத்தில் குதிரை லாட வடிவில் செந்நிறம் பூசிய அவருடைய கல்லறை இருக்கிறது. சற்றுத் தொலைவில் உள்ள சீனர் கோயிலின் வளாகத்துக்குள்ளேயே, சுந்தரவனத்தார் புலித் தெய்வமாக வணங்கும் தட்சிண ராயருக்கும் ஓர் இடம் தந்திருக்கின்றனர். குடியேறிய இடத்துத் தெய்வத்தைப் பகைத்துக்கொள்ளலாகாது என்பது நம் பாட்டிமாரும் அறிந்த நெறியன்றோ? தாய்மார்கள் அன்றாடம் காப்பியில் இடும் பொருளைச் சீனி என்றும், வறுக்கும் பாத்திரத்தைச் சீனச்சட்டி என்றும் வழங்குகிறோம். ஆகவே சீனர் என்போர் நம் அடுக்களைக்குப் புதியவர் அல்லர்.

ஆலை மறைந்தபின் சீனர் நகருக்குள் வந்தனர். கப்பல்களில் பணிபுரிந்தோரும் பின்னர் வந்தோரும் திரட்டி பஜாரைச் சுற்றிக் குடியமர்ந்தனர். கான்டன் பகுதியார் தச்சர்கள். துறைமுகத்தில் கப்பலுக்குள் மரவேலை செய்தவர்கள். ஹக்கா இனத்தார் தோல் தொழிலிலும் செருப்புத் தொழிலிலும் வல்லவர்கள். பெண்டிங் தெருச் செருப்புக் கடைகளை இங்குள்ள பெரியோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹூபே மாநிலத்தார் பல் மருத்துவர்கள். ஷான்துங் பகுதியார் பட்டு மூட்டையைத் தோளில் சுமந்து வீடு வீடாக விற்றவர்கள். ஓர் ஊரார் ஒரு தொழில் என்னும் இம்முறை நமக்கும் புதிதன்று.

இனிச் சந்துகளுக்குள் நுழைவோம். பிளாக்பர்ன் சந்து, டாம்சன் சந்து, சாத்தாவாலா கல்லி என்பன முதன்மையானவை. சாத்தாவாலா என்றால் குடைக்காரர். பெயர்ப்பலகையில் 'சர்ச்' என்று எழுதிய சில கட்டிடங்களை அங்கே காணலாம். உள்ளே போனால் சிலுவையும் இல்லை, பாதிரியாரும் இல்லை. ஊதுவத்திப் புகையும், செந்நிறத் திரைகளும், பொன்வண்ண மரச் சிற்பங்களும், அவற்றினிடையே சீனத் தெய்வங்களுமே இருக்கின்றன. பிளாக்பர்ன் சந்தில் செங்கல்லால் எடுப்பாகக் கட்டிய தூங் ஆன் கோயில் 1924-இல் எழுந்தது. மாடியில் குவான் தீ என்னும் போர்த் தெய்வம். கீழ்த்தளத்தில் நான்கிங் என்னும் உணவு விடுதி. ஒரு காலத்தில் நகரத்துச் செல்வரெல்லாம் தேடிவந்த விடுதி அது; பின்னர் மூடப்பட்டது. சாத்தாவாலா கல்லியில் உள்ள சீ இப் கோயில் 1905-ஆம் ஆண்டினது. அங்கே குவான்யின் என்னும் கருணைத் தெய்வம் வீற்றிருக்கிறாள். டாம்சன் சந்தின் நாம் சூன் கோயில் 1820-ஐ ஒட்டியது.

இப்பெயர்களின் பொருளை அறிந்த அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. அவை தெய்வங்களின் பெயர்கள் அல்ல, ஊர்ப் பெயர்கள். சீ இப் என்றால் நான்கு வட்டங்கள்; கான்டன் பகுதியிலுள்ள நான்கு வட்டத்தார் கூடிக் கட்டியது. நாம் சூன் என்பது நான்ஹாய், ஷுன்தே என்னும் இரண்டு ஊர்ப் பெயர்களின் சுருக்கம். தூங் ஆனும் அவ்வாறே இரு ஊர்ப் பெயர்களின் சேர்க்கைதான். நம்மவர் இருவர் அயலூரில் சந்தித்தால் முதலில் கேட்பது 'எந்த ஊர்?' என்பதல்லவா? 'கும்பகோணம்' என்றால் 'கும்பகோணத்தில் எந்தத் தெரு?' என்று அடுத்த கேள்வி வரும். அக்கேள்வியைத்தான் சீனர் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டி வைத்திருக்கின்றனர். புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு அங்கே படுக்க இடம் கிடைத்தது. வேலை தேடித் தரப்பட்டது. இறந்தால் அடக்கம் செய்ய ஆள் இருந்தது. கோயில், சத்திரம், சங்கம் ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்று கொள்ளலாம்.

சந்துக்கு என்ன பெருமை, அது வெறும் வழிதானே என்று சிலர் கேட்கக்கூடும். பீகிங் நகரத்தில் சந்துக்கு ஹூதோங் என்று பெயர். முற்றத்தைச் சுற்றிக் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்க, அவ்வரிசைகளுக்கு இடையே விட்ட வழியே ஹூதோங். மங்கோலியர் ஆண்ட காலந்தொட்டு வழங்கும் சொல் அது. கிணறு என்னும் பொருளுடைய மங்கோலியச் சொல்லிலிருந்து வந்தது என்று கூறுவோரும் உளர். கிணற்றடியில் என்னென்ன நடைபெறும் என்பதைத் தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டுமா? அங்கே காய்கறிக்காரன் வருவான். கிழவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள். ஒரு வீட்டுக் குழந்தை நான்கு வீட்டில் உண்டு வளரும். அவ்வாழ்க்கை முறையைச் சீனர் கடல் கடந்து போன இடமெல்லாம் கொண்டு சென்றனர். கானடா நாட்டின் விக்டோரியா நகரத்தில் ஃபான் டான் சந்து என்று ஒன்று உண்டு. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஒரு மீட்டருக்கும் குறைவு. எதிரே வருபவருக்கு ஒதுங்கித்தான் வழிவிட வேண்டும். ஃபான் டான் என்பது ஒருவகைச் சூதாட்டத்தின் பெயர். அப்பெயரை மாற்றி ஒரு தலைவர் பெயரைச் சூட்டாமல் அப்படியே காப்பாற்றிய அந்நகரத்தாரைப் பாராட்ட வேண்டும். அச்சீனர் பேட்டை 1995-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நம் நகரத்துச் சந்துகளின் கதை வேறு. அகன்ற சாலைகளையும் பெருங்கட்டிடங்களையும் அமைக்கும்பொருட்டு நகர மேம்பாட்டுக்காரர்கள் பழைய சீனர் பேட்டையில் ஒரு பெரும்பகுதியை இடித்தனர். ஆனால் அதைவிடப் பெரிய இடி ஒன்று விழுந்தது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது. ரயில்வே ஊழியன் என்னும் முறையில் அதைக் கூறும் கடமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

1962 அக்டோபரில் சீனப் படை நம் எல்லையைத் தாக்கியது. நம் வீரர்கள் பனிமலையில் உயிர்நீத்தனர். நாடு முழுதும் கொந்தளித்தது இயல்பே. ஆயினும் அக்கொந்தளிப்பில், இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்து, சீனத்தைக் கண்ணாலும் கண்டிராத குடும்பங்கள் அகப்பட்டுக்கொண்டன. அசாம், ஷில்லாங், டார்ஜிலிங், காலிம்பாங் ஆகிய இடங்களிலிருந்து முதியோர், குழந்தைகள், கருவுற்ற பெண்டிர் எனப் பாராமல் பிடித்து, ராஜஸ்தானத்தில் தேவ்லி என்னும் ஊரிலிருந்த முகாமுக்குக் கொண்டு சென்றனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளையர் கைதிகளை அடைத்து வைத்த முகாம் அது. சுமார் 3000 பேர் அங்கே அடைக்கப்பட்டனர்.

அசாமிலிருந்து அவர்களை ஏற்றிச் சென்றது ரயில்வண்டி. பயணம் 7 நாட்கள். அவ்வண்டியின் பக்கத்தில் 'பகைவர் வண்டி' என்று எழுதியிருந்ததாகவும், கூட்டம் கூடிக் கல்லெறியும் என்னும் அச்சத்தால் நிலையங்களுக்கு அப்பாலேயே வண்டியை நிறுத்தியதாகவும், அதில் குழந்தைகளாகச் சென்று பின்னாளில் முதியோரானவர்கள் கூறியிருக்கின்றனர். நண்பர்களே, நாம் அன்றாடம் எத்தனையோ வண்டிகளுக்குக் கணக்கு எழுதுகிறோம். சரக்கு வண்டி, அஞ்சல் வண்டி, படைவீரர் வண்டி, தேர்தல் காலத்துத் தனி வண்டி ஆகிய எல்லாவற்றுக்கும் நம்மிடம் பாரங்கள் உண்டு. அந்த வண்டிக்கும் எவரோ ஓர் எழுத்தர் நம்மைப்போல் அமர்ந்து தாள் எழுதியிருப்பார், நேரம் குறித்திருப்பார், தலைகளை எண்ணியிருப்பார். அவர் தீயவராய் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைகுட்டிக்காரராகவே இருந்திருப்பார். கடைநிலையில் இருப்பவனுக்கு வந்த ஆணையை நிறைவேற்றுவதன்றி வேறு வழியில்லை என்று நானே பலமுறை பேசியிருக்கிறேன். இந்த வண்டியை நினைத்தபின் அச்சொல் எனக்கு முன்போல் எளிதாக வருவதில்லை.

இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம்மில் பலர் அறியாதது. 1963-இல் சீன அரசாங்கம் கப்பல்களை அனுப்பி, வர விரும்பியோரை அழைத்துக்கொண்டது. அக்கப்பல்கள் வந்து நின்றது நம் சென்னைத் துறைமுகத்தில். ராஜஸ்தானத்திலிருந்து மறுபடியும் ரயிலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தனர். 2000 பேருக்கும் மேல் அத்துறைமுகத்திலிருந்து, அவர்களுள் பலர் அதுவரை பார்த்திராத ஒரு 'தாய்நாட்டுக்கு'க் கப்பலேறினர். எஞ்சியோருள் கடைசியாக விடுதலை பெற்றவர்கள் 1967 வரை முகாமில் இருந்தனர். திரும்பி வந்தவர்கள் தம் வீட்டில் வேறொருவர் இருக்கவும், தம் கடை ஏலத்தில் போயிருக்கவும் கண்டனர்.

கல்கத்தாச் சீனருள் பெரும்பாலோர் முகாமுக்குப் போகவில்லை. ஆனால் காவல் நிலையத்துக்குப் போய் அயலார் பதிவேட்டில் கையெழுத்திட்டு வந்தனர். வெளியூர் செல்ல அனுமதி வேண்டி நின்றனர். லால்பஜாருக்கு அடுத்த சந்தில் வாழ்ந்தவர்களுக்குக் காவலர் எவ்வளவு அண்மையில் இருந்தனர் என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்கலாம். அதன்பின் இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கானடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் புறப்பட்டனர். ஒரு காலத்தில் 20,000 வரை இருந்ததாகக் கணிக்கப்படும் சமூகம் இன்று 2000 அளவில் சுருங்கிவிட்டது என்பர். தாங்ரா பகுதியில் ஹக்கா மக்கள் நடத்திவந்த தோல் பதனிடும் ஆலைகளை நகருக்கு வெளியே மாற்றுமாறு 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆற்று நீரைக் காக்க அது வேண்டியதே. அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பான்தலாவுக்கு மாறிச் செல்ல வசதியற்றவர்கள் ஆலையைப் பூட்டினர், அல்லது உணவு விடுதி திறந்தனர். இந்நகரத்திலிருந்து வெளிவந்த கடைசிச் சீன நாளேடு, 1969-இல் தொடங்கிய சியோங் பாவ், 2020-இல் நின்றுபோயிற்று. அதே 2020-இல் நோய்த் தொற்றின்போது, தெருவில் போவோர் வருவோர் ஏசுவதைத் தாங்காமல், தாம் கல்கத்தாவில் பிறந்தவர், சீனத்துக்கு ஒருபோதும் போனதில்லை என்று சட்டையில் அச்சிட்டு அணிந்தவர்களும் உண்டு. பிறந்த ஊரைச் சட்டையில் எழுதிக்கொள்ளும் நிலை நமக்கு வராதிருக்கட்டும். வேற்று மாநிலத்தில் வாழும் நாம் இதை வேடிக்கைச் செய்தியாகப் படிக்க இயலாது.

இனி நம் முன்னோர் பக்கம் சற்றுப் பார்ப்போம். சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் சுவான்சௌ என்று ஒரு துறைமுக நகரம். 13-ஆம் நூற்றாண்டில் அங்கே தமிழ் வணிகர் குடியிருந்து சிவபெருமானுக்குக் கோயில் எடுத்தனர். 1281-ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது. அந்நாட்டை ஆண்ட குப்ளாய் கானின் நலம் வேண்டி ஒரு தமிழர் இறைவனை எழுந்தருளச் செய்த செய்தி அதில் உள்ளது. கடைசி வரி சீன எழுத்தில். இன்று அக்கோயில் இல்லை. அதன் சிற்பங்களும் தூண்களும் கையுவான் என்னும் பௌத்தக் கோயிலிலும் வேறு கட்டிடங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அத்தமிழர் எந்தச் சந்தில் வாழ்ந்தனர், அவர்கள் பிள்ளைகள் என்ன மொழி பேசினர், கடைசிக் குடும்பம் எந்த ஆண்டில் மூட்டை கட்டியது என்பவற்றைச் சொல்ல ஒருவருமில்லை. கல் தங்கிற்று; ஆள் தங்கவில்லை. சங்க நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் எடுக்க வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையைச் செயலாளர் அவர்கள் சற்று முன்பு அறிக்கையில் வாசித்தபோது எனக்குச் சுவான்சௌ நினைவு வந்தது. அதை இங்கே விரிக்கப் போவதில்லை. விழா நாளில் அது வேண்டாம்.

திரட்டி பஜாரில் இன்னும் ஆட்கள் இருக்கின்றனர் என்பதே நான் சொல்ல வந்தது. பழுதுபார்க்க வேண்டிய சுவர்கள் பல; குப்பை மேடுகளும் உண்டு. கட்டிடங்களைக் காக்க வேண்டும் என்று அறிஞர்கள் பேசுகின்றனர், நல்லது. ஆனால் சுவருக்குச் சாயம் பூசிப் பலகை மாட்டிவிட்டால் சந்து பிழைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஊதுவத்தி ஏற்ற ஒருவர் வேண்டும். பிற்பகலில் மாஜோங் கட்டைகளை உருட்ட நால்வர் வேண்டும். கடையில் சாமான் வாங்க அண்டை அயலார் வேண்டும். முதல் இரண்டும் அவர்கள் பொறுப்பு. மூன்றாவது நம்மால் ஆவது.

ஞாயிறுதோறும் விடியற்காலையில் போதார் கோர்ட்டுக்கு அருகே, சன் யாட் சென் தெருவோரம், சீனக் காலைச் சிற்றுண்டிச் சந்தை கூடுகிறது. சீனக் குடியரசை நிறுவிய சன் யாட் சென் பெயரில் தெருவும், எழுத்தாளர் லூ சுன் பெயரில் சாலையும் இந்நகரில் இருக்கின்றன என்பதே சிறு பெருமை அன்று. ஆவியில் வெந்த கொழுக்கட்டை போன்ற பண்டங்கள், மீன் உருண்டைச் சாறு, இறால் அப்பளம் எல்லாம் அங்கே கிடைக்கும். இன்று விற்போருள் சீனர் அல்லாதாரும் பலர். பன்றி இறைச்சி மிகுதி என்பதால் நம் சைவ அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். எள் தோய்த்த மாவுருண்டை இருக்கும், நம் எள்ளுருண்டைக்கு அது பெரியப்பா மகன். நெருங்கிய கடைகளில் சாஸ் புட்டிகளும் தேயிலையும் வாங்கலாம்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். செயற்குழு ஏற்கெனவே இசைந்துள்ளது. வரும் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று விருப்பமுள்ள குடும்பங்கள் காலை 5-30 மணிக்குக் காலனி வாயிலில் கூடலாம். சந்தை 8 மணிக்கெல்லாம் கலைந்துவிடும். ஆதலால் தாமதிப்போருக்காகக் காத்திருக்க இயலாது. கோயில்களுக்குள் செல்லுமுன் அங்குள்ள பெரியவரிடம் கேட்டுக்கொண்டு செல்ல வேண்டும். கேளாமல் எவரையும் படம் எடுக்கலாகாது. இதைக் கைப்பேசி வைத்திருக்கும் இளைஞர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். வேடிக்கை பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாமல் ஆளுக்கு ஏதேனும் ஒன்று வாங்க வேண்டும். சில்லறை கொண்டு வருவது நலம். சீனப் புத்தாண்டை ஒட்டி அச்சிப்பூருக்கும் போகலாம். அந்நாட்களில் நகரத்துச் சீனக் குடும்பங்கள் அங்கே வழிபடச் செல்வது வழக்கம். சியால்தாவிலிருந்து பட்ஜ்பட்ஜ் வரை நம் வண்டியே இருக்கிறது. அப்பால் வாடகை ஊர்தி. வண்டி நேரங்களை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் விழா முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் என்னைக் காணலாம்.

நாடகக் குழுவினர் திரைக்குப் பின்னாலிருந்து கை காட்டுகின்றனர்.